ஒரு பக்கப் பாரம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே முதுகு நீங்கலாக மற்ற யாவும் நலம். அங்கே உங்கள் முதுகும், மகளின் முதுகும், பேத்தியை நாள் முழுக்கச் சுமக்கும் உங்கள் அத்தையின் முதுகும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு, அதுவும் ஆபீஸ் விலாசத்துக்கு எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் வீட்டில் யாருக்கு போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். நான் முதுகு என்று ஆரம்பித்தால் மகள் ஒரு தைலம் சொல்கிறாள், நீங்கள் ஒரு பயிற்சி சொல்கிறீர்கள், பேத்தி வீல் என்று கத்துகிறாள், உங்கள் அத்தை "அப்புறம் பேசறேங்க" என்று வைத்துவிடுகிறாள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

நீங்கள் சொன்னபடி மெத்தையை மாற்ற முடிவு செய்தேன். டாக்டரம்மாவும் முதுகை அமுக்கிப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். "மெத்தைக்கு என்ன வயசு சார்?" என்றார். "என் மகள் வயசு" என்றேன். எனக்கே காரணம் தெரியும். காலம் முழுக்க எடை மேடையில் லாரிகளை நிறுத்தி எடை பார்த்தவன் நான். ஒரு பக்கமாகப் பாரம் ஏற்றிய லாரி எப்படிச் சாயும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவர் பக்கம் உங்கள் அத்தை, ஜன்னல் பக்கம் நான் என்று சமமாக லோடு ஏறிய மெத்தை இது. இப்போது என் பக்கம் மட்டும் பாரம், ராத்திரி பூரா விளிம்பை நோக்கிச் சரிந்துகொண்டே இருக்கிறேன். நடுவில் படுக்க வேண்டியதுதானே என்பீர்கள். படுத்துப் பார்த்தேன். நடுவில் மேடு. இத்தனை வருஷத்தில் யாருமே படுக்காத இடம் அதுதான் என்பதால் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே விறைப்பாக இருக்கிறது.

மெத்தைக் கடையில் காலுக்கு பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டு, தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கும்படி கண்ணாடி ஓரமாகப் படுக்கச் சொன்னார்கள். என்னைக் கவனித்த விற்பனையாளருக்குப் பெரிய மீசை, தங்கமான மனுஷன். "இதுல ரெண்டு பக்கமும் படுக்கலாம் சார்" என்றார். "ரெண்டு பக்கத்துக்கும் இப்ப ஆள் இல்லப்பா. ஒரு பக்கம் மக வீட்டுக்குப் போயிருக்கு" என்றேன். "அதில்ல சார், ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் மெத்து. திருப்பிப் போட்டுக்கலாம்." "அவ திரும்பி வரட்டும், கேட்டுச் சொல்றேன்." "எப்ப சார் வருவாங்க?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வேன் மாப்பிள்ளை? குழந்தை குப்புற விழுந்ததும் வருவதாகச் சொன்னாள், விழுந்தது. உட்காரட்டும் என்றாள், உட்கார்ந்தது. தவழட்டும் என்றாள், இப்போது வீடு பூராவும் தவழ்கிறதாம், ஆனால் பல் முளைக்கிறதாம். ஒவ்வொரு தடவையும் நீங்கள் "மாமா, அத்தை இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா?" என்று பணிவாகக் கேட்டீர்கள், நானும் "தாராளமா" என்றேன். மாப்பிள்ளை கேட்டால் வேறு என்ன சொல்ல முடியும், அதுவும் ஸ்பீக்கரில்? இதையெல்லாம் போய் ஒரு மெத்தைக் கடைக்காரரிடம் சொல்லலாமா? சொல்லிவிட்டேன். அவர் மீசையைத் தடவிவிட்டு, "வீட்ல எப்படிப் படுப்பீங்களோ அப்படியே படுத்துப் பாருங்க சார்" என்றார். விளிம்பில் ஒருக்களித்துப் படுத்தேன். தூங்கியே போய்விட்டேன். தூக்கத்தில் நான், "லைட்டை அணைச்சிட்டு வந்து படேன்" என்று சொன்னேனாம். பாவம், லைட்டை மட்டும் அணைத்திருக்கிறார். விழித்தபோது என் கை பக்கத்து இடத்தைத் துழாவிக்கொண்டிருந்தது. அங்கே விலைச்சீட்டுதான் இருந்தது. எனக்கே சிரிப்பு வந்தது, ஆனாலும் எழுந்திருக்க மனசு வரவில்லை மாப்பிள்ளை.

கடைசியில் ஒற்றை ஆள் மெத்தை ஒன்றை வாங்கிவிட்டேன். கெட்டி ரகம், எனக்கு அது போதும். ஆகவே முதுகுப் பிரச்சினை தீர்ந்தது. அத்தை அங்கேயே நிம்மதியாக இருக்கட்டும். பேத்திக்குக் கடைவாய்ப் பல் வரைக்கும் முளைக்கட்டும். என்னைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

உங்களுக்கும் மகளுக்கும் என் ஆசிகள். பேத்தியின் புதுப் பல்லுக்கு ஒரு முத்தம், கடிக்காமல் இருந்தால். அத்தையை நான் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம், இப்படி ஒரு கடிதம் வந்ததையே சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
முதுகு வளைந்தாலும் மரியாதை வளையாத
உங்கள் மாமனார்

பி.கு.: ஒற்றை மெத்தையை வாங்கியது உண்மை, வைத்துக்கொள்ளவில்லை. வண்டியில் ஏற்றும்போது உங்கள் அத்தை போன் பண்ணினாள், கடைக்குப் போவதை மகளிடம் சொல்லியிருந்தேன். அதிசயமாக ஸ்பீக்கர் இல்லை. குளியலறையில் ஒளிந்துகொண்டு பேசினாள் போலிருக்கிறது, தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "மெத்தை வாங்கறீங்களாமே. சின்னதா வாங்கிடாதீங்க" என்றாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள். நான் வண்டியிலிருந்து மெத்தையை இறக்கச் சொல்லிவிட்டேன். மீசைக்காரர் பெரியதை ஏற்றினார். உறைகூடப் பிரிக்காமல் அது சுவரில் சாய்ந்து நிற்கிறது, நான் பழைய மெத்தையிலேயே சரிந்துகொண்டிருக்கிறேன். முதுகு வலி போகவில்லை. ஒண்டியாக அதில் படுத்து, முதல் நாளிலிருந்தே ஒரு பக்கமாக அமுக்கிவிட எனக்கு இஷ்டமில்லை. இத்தனை தடவை நீங்கள் கேட்டீர்கள், நான் பதில் சொன்னேன். இந்தத் தடவை நான் கேட்கிறேன். மாப்பிள்ளை, வந்து அத்தையைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா? ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள், என்ன வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும். அதை மட்டும் ஸ்பீக்கரில் போட்டே சொல்லலாம்.