கீரி முன்னேறுதா, இல்லையா?

ஒரு காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. அங்கே பாடம் நடந்ததா என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. கபடி அணி இருந்தது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

மூன்று வருடம் அந்த அணிக்காக எதிரணிக்குள் பாடிப் போனவர் ஒரு சிறுத்தை. போனால் புள்ளியோடுதான் திரும்புவார். அவர் படிப்பை முடித்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்து, பக்கத்து மலைக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்குக் கபடி மாஸ்டர் தேர்ந்தெடுத்தது, இரண்டாம் ஆண்டு வரலாறு படிக்கும் சுடலைமுத்து என்கிற கீரியை.

சுடலைமுத்துவுக்கு அணியில் பெயர் இருக்கும்வரைதான் விடுதியில் கட்டிலும் மூன்று வேளைச் சோறும். பெயர் போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வீட்டில் எட்டுப் பேர், ஒரே பொந்து. அதனால் அவன் உயிரைக் கொடுத்து ஆடினான்.

முதல் ஆட்டத்தில் பதினோரு புள்ளி எடுத்தான். அன்று சாயங்காலமே கரடியின் டீக்கடை வாசலில் பேனர் வைத்துப் பால் ஊற்றினார்கள். ‘சீறும் காடு ரசிகர் பாசறை’ என்ற வாட்ஸ்அப் குழுவை நடத்திய நரி கோதண்டம், “சிறுத்தையா? யார் அது?” என்று பதிவு போட்டார். நானூறு இதயங்கள் விழுந்தன.

இரண்டாவது ஆட்டத்திலும் அணி ஜெயித்தது. ஆனால் சுடலைமுத்து நாலு புள்ளிதான் எடுத்தான்.

மறுநாள் டீக்கடையில் உட்கார இடமில்லை.

“பையன் முன்னேறலையே,” என்றார் கோதண்டம்.

“முன்னேற்றமா? பின்னால போறான்யா,” என்றார் உடும்பு பிச்சாண்டி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கபடி அணிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கியவர் அவர். ஆகவே கபடி நுணுக்கம் தெரிந்தவர் என்று பேர். “இடது காலை முதல்ல வைக்கிறான். மூச்சை வயித்துல பிடிக்காம நெஞ்சுல பிடிக்கிறான். மீசையும் சரியில்ல.”

“மீசைக்கும் கபடிக்கும் என்னண்ணே?” என்று டீ ஆற்றிக்கொண்டே கேட்டது கரடி.

“உனக்குச் சொன்னாப் புரியாது. டீயைப் போடு.”

மூலையில் இருந்த ஆமை மங்கையர்க்கரசி டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு பழைய நோட்டைப் பிரித்தார். “ரெண்டு ஆட்டம்தானே முடிஞ்சிருக்கு? சிறுத்தை தன்னோட முதல் ரெண்டு ஆட்டத்துல எடுத்தது மொத்தம் அஞ்சு புள்ளி. இந்தப் பையன் பதினஞ்சு. தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன்.”

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். கோதண்டம் போனை எடுத்து, அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். பிறகு பேச்சு தடையில்லாமல் தொடர்ந்தது.

சுடலைமுத்து விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எல்லாப் பதிவையும் படித்தான். எழுநூற்று இருபது இருந்தன. படித்து முடித்ததும் காட்டெருமை தங்கராசு மாஸ்டரிடம் போனான்.

“மாஸ்டர், நான் முன்னேறுறேனா?”

“ரெண்டு ஆட்டத்துல எனக்கு எப்படிடா தெரியும்? சாப்பிட்டியா?”

“அவங்களுக்குத் தெரியுதே மாஸ்டர்.”

“அவங்க ஆடலையே. அதான் தெரியுது. போய்த் தூங்கு.”

அவன் தூங்கவில்லை. வலது காலை முதலில் வைத்துப் பழகினான். மூச்சை வயிற்றில் பிடித்துப் பழகினான். மீசையைக்கூட கொஞ்சம் கத்தரித்துக்கொண்டான்.

மூன்றாவது ஆட்டம் கடைசி நிமிடம் வரை சமமாக இருந்தது. சுடலைமுத்து “கபடி, கபடி” என்று பாடிக்கொண்டு உள்ளே போனான்.

“வலது கால்!” என்று கத்தினார் பிச்சாண்டி.

“இடது பக்கம் போடா!” என்றார் கோதண்டம்.

“வயிறு! வயிறு!” என்றது மொத்தக் கூட்டமும்.

எந்தப் பக்கம் என்று சரியாகக் கேட்பதற்காக அவன் ஒரு கணம் பாடுவதை நிறுத்தினான். பாட்டு நின்றால் அவுட். ஒரு புள்ளியில் ஆட்டம் போனது.

அடுத்த நாள் அவனை நீக்கச் சொல்லி ஒரு படிவம் தயாரானது. நான்கு பக்கம், மூன்று நகல். கையெழுத்துத் தெரியாதவர்கள் கால்தடம் வைக்கலாம். வரிசை டீக்கடையிலிருந்து ஓடைவரை போனது. படிவத்தில், ‘கடைசி ஆட்டத்தை நேரில் பார்த்தீர்களா?’ என்று ஒரு கேள்வி இருந்தது.

“இதுக்கு என்ன எழுதணும்?” என்று கேட்டது ஒரு முயல்.

“பொருந்தாதுன்னு எழுது,” என்றார் கோதண்டம்.

கல்லூரி முதல்வர் யானையம்மாள் அந்தப் படிவக் கட்டைப் படிக்கவில்லை. தும்பிக்கையால் தூக்கிப் பார்த்தார். “கனமாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு, பட்டியலில் சுடலைமுத்துவின் பெயரை அடித்தார்.

“அப்ப யாரைப் போடுறது?” என்று கேட்டார் மாஸ்டர்.

“பொதுமக்கள் யாரைச் சொல்றாங்களோ, அவங்களை.”

பொதுமக்கள் பிச்சாண்டியைச் சொன்னார்கள். அவரை மாலைநேர வகுப்பில் சேர்த்து, அன்றைக்கே அடையாள அட்டையும் கொடுத்தார்கள். “எனக்கு முட்டி வலி,” என்றார் அவர். யாரும் கேட்கவில்லை.

நான்காவது ஆட்டம் காட்டுப்பன்றிகளோடு. ஏழும் ஏழு பாறை மாதிரி நின்றன. பிச்சாண்டி ஒரு அடி உள்ளே வைத்தார். பன்றிகளின் கண்ணைப் பார்த்தார். அவ்வளவுதான், பயத்தில் குப்புறப் படுத்து, பின்னால் ஒரு காலை நீட்டி நடுக்கோட்டை நகத்தால் கவ்விக்கொண்டார். வாய் மட்டும் “கபடி, கபடி” என்று அழுதது. அவரை உள்ளே இழுத்துப் போக முதலில் ஒரு பன்றி வந்தது. முடியவில்லை. பிறகு இரண்டு, பிறகு ஏழும். நடுக்கோட்டை விடாதவனைத் தொட்டவர்கள் எல்லாம் அவுட். நடுவர் விசில் அடித்தார். ஒரே பாட்டில் ஏழு புள்ளி!

“பார்த்தீங்களா!” என்று கோதண்டம் துள்ளினார். “இதுதான்யா முன்னேற்றம்!”

சுடலைமுத்து பெட்டியைக் கட்டினான். தங்கராசு மாஸ்டர் கீழக்காட்டுக் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாற்றுச் சான்றிதழுக்கு ஒன்பது மேசை ஏற வேண்டியிருந்தது. வரலாறு படித்தவன், வேதியியல் கூடத்தில் எதையும் உடைக்கவில்லை என்று எழுதி வாங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மேசையிலும், “நீ முன்னேறவே இல்லையேப்பா,” என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பதாவது மேசையில் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே வந்து குழாயில் முகம் கழுவிக்கொண்டு, போனிலிருந்து அந்தக் குழுவை அழித்தான்.

கீழக்காட்டில் டீக்கடையும் இல்லை, சிக்னலும் இல்லை. அங்கே ஆட்டம் பார்க்க வருவது நான்கு கொக்குகள். அவையும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். சுடலைமுத்து இடது காலை முதலில் வைத்தான், நெஞ்சில் மூச்சைப் பிடித்தான். மீசையும் வளர்ந்தது. தோற்றால் யாரும் திட்டவில்லை. ஜெயித்தால் யாரும் பால் ஊற்றவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அவன் ஆட்டம் கூடியது.

இறுதிப் போட்டியில் கீழக்காடும் அவனுடைய பழைய கல்லூரியும் மோதின.

பிச்சாண்டி வழக்கம்போல ஒரு அடி வைத்து, படுத்து, கோட்டைக் கவ்விக்கொண்டார். கீழக்காட்டு அணி பாய்ந்தது.

“யாரும் தொடாதீங்க,” என்றான் சுடலைமுத்து. “அவர் படுத்திருக்கட்டும்.”

எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு பாட்டுக்கு உண்டான முப்பது வினாடியும் ஓடியது. நேரம் முடிந்து பிச்சாண்டி அவுட். ஒவ்வொரு தடவையும் அப்படியே. சுடலைமுத்து அன்று பதினாறு புள்ளி எடுத்தான். கோப்பை கீழக்காட்டுக்குப் போனது.

ஆட்டம் முடிந்ததும் பழைய ரசிகர்கள் வேலியைத் தாண்டி ஓடி வருவதைப் பார்த்து, அடிக்கத்தான் வருகிறார்கள் என்று சுடலைமுத்து பின்வாங்கினான். அவர்கள் கையில் மாலை இருந்தது.

“நம்ம பையன்யா!” என்று கட்டிப்பிடித்தார் கோதண்டம். “நாங்க அன்னைக்குக் கொஞ்சம் கடுமையாச் சொன்னோம். அதனாலதானே நீ இன்னைக்கு இப்படி நிக்கிறே! பிச்சாண்டியை எல்லாம் யார் உள்ள விட்டாங்களோ தெரியல.” போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். “நேரலை போகுது தம்பி. ரசிகர்களைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லு.”

சுடலைமுத்து கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு போனைப் பார்த்தான்.

“நீங்க மட்டும் இல்லேன்னா அண்ணே, நான் கீழக்காட்டுக் காலேஜ்ல வந்து சேர்ந்திருக்கவே மாட்டேன்.”

கோதண்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானூறு இதயங்கள் விழுந்தன.

நீதி: ஒருவனை வளர்த்து ஆளாக்கிய பெருமை வேண்டுமென்றால், நல்ல நேரம் பார்த்து அவனை ஊரைவிட்டுத் துரத்துங்கள்.