மெர்லினுக்கு நோய் இல்லை, மொட்டை வேண்டாம்

அனுமந்தன்பட்டி
வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் வின்சென்ட் அவர்களுக்கு,

உங்கள் தங்கை பிலோமினாவின் வீட்டுக்காரன் மிக்கேல் எழுதுவது. தேவமாதா கிருபையால் இங்கு நாங்கள் இருவரும் சுகம். பெங்களூரில் உங்கள் மருமகள் மெர்லினும் பூரண சுகம். அவளுக்கு ஒரு நோயும் கிடையாது. ஆகவே ஊர்ப்பேச்சைக் கேட்டு அவளுக்காக நீங்கள் நேர்ந்துகொண்ட வேளாங்கண்ணி மொட்டையை உடனே நிறுத்தவும்.

நடந்தது இதுதான். நம் உடம்பில் ஒரு செல்லை இன்னொரு செல்லோடு ஒட்டி வைக்கும் மூலக்கூறுகள் உண்டாம், செங்கலுக்கு நடுவே சிமெண்டு மாதிரி. புற்றுநோய் வந்தால் அந்த ஒட்டு விட்டுப்போய், செல்கள் கழன்று வேறிடத்துக்குக் குடிபோகின்றனவாம். அது ஏன் என்றுதான் மெர்லின் பதின்மூன்று வருடமாக ஆராய்கிறாள், அதுவும் ஒப்பந்தத்தில், வருடா வருடம் வேலை இருக்குமா போகுமா என்று நாங்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு. இந்த வாரம் நிரந்தர வேலைக்கு நேர்காணல், இதை விட்டால் வயது தாண்டிவிடும் என்றாள், சரி என்று ஞாயிறு பூசையில் வேண்டிக்கொள்ளச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். தந்தி ஆபீசில் முப்பது வருடம் சொல்லைச் சுருக்கியே பழகிய கை அல்லவா, "மெர்லின், புற்றுநோய், பதின்மூன்று வருடம், ஆண்டவர் கைகொடுக்க" என்று எழுதிவிட்டேன். சீட்டு வாசிக்கிற சகாயராணி இரக்கமுள்ள பெண். விட்டுப்போன சொற்களைத் தானே சேர்த்து, "பதின்மூன்று வருடமாகப் புற்றுநோயில் வாடும் மெர்லினுக்காக" என்று மைக்கில் உருக்கமாக வாசித்துவிட்டாள்.

அவ்வளவுதான், வீடு நிறைய ஆட்கள். தோட்டக்காரர் மலைச்சாமி ஒரு கூடை திராட்சையோடு வந்து, "அண்ணே, மனசத் தளர விடாதீக, எங்க கொழுந்தியாளையும் இப்பிடித்தான் மதுரைக்குக் கொண்டுபோனாக" என்று அழுகிறார். "ஏப்பா, அது ஆராய்ச்சி பண்ணுதுப்பா" என்றால், "ஆமாண்ணே, வெளிய அப்பிடித்தான் சொல்லணும்" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார். என் பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று இந்த ஊருக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன், ஒருத்தராவது யோசிக்க வேண்டாமா? விளக்கிச் சொல்லியே தொண்டை கட்டிப்போச்சு மச்சான்.

இன்று காலை மெர்லின் போன் போட்டாள். வேலை நிரந்தரமாகிவிட்டது. இனி ஓய்வு பெறும்வரை அந்த மூலக்கூறும் அவளும்தான். பிலோமினா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு இன்றுதான் நான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.

உங்கள் வீட்டில் அனைவருக்கும் எங்கள் ஸ்தோத்திரம். ஆண்டவர் உங்களையும் உங்கள் தலைமுடியையும் காப்பாராக.

இப்படிக்கு,
மிக்கேல்

பி.கு.: இது பிலோமினாவுக்குத் தெரிய வேண்டாம். அன்று சகாயராணி வாசித்ததும், ஊரிலேயே முதலில் நம்பியது நான்தான். பாவி மகள் ஆராய்ச்சி என்று சொல்லி இத்தனை வருடம் நோயை மறைத்துவிட்டாளே என்று, பாதிப் பூசையில் வெளியே ஓடி, அவளுக்குப் போன் போட்டு அழுதேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தச் சீட்ட எழுதிக் குடுத்தது யாருப்பா?" என்றாள்.