அறுபத்தெட்டு சதவீதத் திருட்டு

அறிவு, நூலகங்களில் தூசி படிந்து கிடந்த காலம் ஒன்று இருந்தது. அதை மீட்டு உலகத்தின் உள்ளங்கையில் வைத்த பெருமை, கோவைக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியின் பேராசிரியர் முனைவர் கோவிந்தராஜுலுவைச் சேரும். முகநூலில் அவரைப் பின்தொடர்வோர் எண்பதாயிரம் பேர். அவரிடம் ஆய்வு செய்பவர் ஒரே ஒருவர்: ஹிபா.

சோமனூர் விசைத்தறி இரைச்சல் நெசவாளர்களின் காதை என்ன செய்கிறது என்பது ஹிபாவின் ஆய்வு. உக்கடத்திலிருந்து பஸ் மாறிப் போய், இரண்டு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் செவித்திறனை அளந்தாள். "ஏனுங்க, காது எப்படிங்க கேக்குது?" என்று அவள் கத்தினால், பாலுசாமி என்ற தறிக்காரர், "சோறுண்டாச்சுங்க அம்மணி!" என்று திருப்பிக் கத்துவார். அதையும் குறித்துக்கொள்வாள்.

எழுதிய ஒவ்வோர் அத்தியாயத்தையும் பேராசிரியருக்கு அனுப்பினாள். அவர் அன்றே அதைப் பத்திப் பத்தியாகத் தம் முகநூல் பக்கத்தில் 'எனது களத்திலிருந்து' என்று வெளியிட்டார். கூடவே, தறிமேல் கைவைத்து அவர் நிற்கும் படம். தறி ஓடாத நாளில் எடுத்தது. பேராசிரியருக்குச் சத்தம் ஆகாது.

"சார், நான் இன்னும் வெளியிடாத முடிவுங்க அது," என்றாள் ஹிபா.

"அம்மணி, நீ வெளியிட்டா நாலு பேரு படிப்பாங்க. நான் போட்டா நாலாயிரம் லைக் வரும். ஆராய்ச்சி யாருக்கு? மக்களுக்கு!"

அந்த மக்களில் தானும் சேர்த்தியா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஆய்வேட்டில் அவர் கையெழுத்து வேண்டியிருந்ததால் விழுங்கிக்கொண்டாள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். எழுத்துத் திருட்டைப் பிடிக்கும் மென்பொருள் அவளைப் பிடித்தது. 'ஒழுங்கு விசாரணைக் குழு' கூடியது. தலைவர் பேராசிரியை கோமளா.

"ஏனம்மணி, இதுல அறுபத்தெட்டு சதவீதம் சாரோட பதிவுலயே இருக்குதே?"

"நான் எழுதுனதுங்க மேடம். நான் அனுப்புன பொறகுதான் சார் போட்டாருங்க. மெயில் இருக்குதுங்க."

"மெயிலை எத்தனை பேரு பாத்திருக்காங்க?"

"சார் மட்டுந்தானுங்க."

"அப்ப அது செல்லாதுங்க. சொந்த வார்த்தையில திருப்பி எழுதுங்க."

"இதுதானுங்க என் சொந்த வார்த்தை."

"அப்ப வேற யாரோட சொந்த வார்த்தையிலயாவது எழுதுங்க!"

பேராசிரியர் கண்கலங்கி எழுந்தார். "போனாப் போவுதுங்க, சின்னப் பொண்ணு. நான் மன்னிச்சுப்போட்டேன். ஒரு வருத்தக் கடிதம் எழுதிக் குடுத்தாப் போதும்."

குழு உருகியது. ஹிபா அழவில்லை. காகிதம் கேட்டு வாங்கி, ஒரே வரி எழுதிக் கொடுத்தாள்.

பேராசிரியர் அதைத் தம் முகத்தருகே பிடித்துப் படமெடுத்து, 'என் மாணவியின் பணிவு' என்று அங்கேயே பதிவிட்டார். கைபேசி அதிரத் தொடங்கியது, நிற்கவில்லை. கோமளா தம் கைபேசியில் அதைப் பெரிதாக்கி இரண்டு முறை படித்தார். பிறகு ஹிபாவின் ஆய்வேட்டை இழுத்து ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்.

பேராசிரியர் கடைசியாகத்தான் படித்தார்:

"மதிப்பிற்குரிய ஐயா, இந்த ஆய்வைத் தாங்கள் செய்வதற்கு முன்பாகவே நான் செய்து முடித்துவிட்டதற்கு மனமார வருந்துகிறேன்."