கடைசி இடத்துக் கல்லூரியின் கோச்சர்

உலகத்தில் எந்த அணியைப் பழக்குகிற கோச்சர் வேலை நல்ல வேலை, எது தலையிடி பிடித்த வேலை என்று பிழையில்லாமல் சொல்லக்கூடிய மனுஷன் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஷாம்பு போத்தலுக்கு மூடி வைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளத் துண்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் கோச்சர். தொண்ணூறுகளில் நானும் அவரும் ஒரே தொழிற்சாலையில், ஒரே லைனில் நின்றோம். அவர் மூடியை வைப்பார், நான் திருகுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நிம்மதி கொடுத்தவன் நான். மூடி திருகுவதைவிடப் பெரிய பொறுப்பை என்னிடம் ஒருத்தரும் நம்பித் தரவில்லை.

சனிக்கிழமைகளில் கோச்சர் தொலைக்காட்சியில் அமெரிக்காக்காரனின் கல்லூரிப் புட்போல் பார்ப்பார். பப்பாளிப்பழம் மாதிரி ஒரு பந்தை ஒருவன் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட, மற்றவர்கள் எல்லாரும் அவன் முதுகில் ஏறி விழுகிற விளையாட்டு. அதில் ஒரு சட்டமும் கோச்சருக்குத் தெரியாது. ஆட்டம் தொடங்கினால் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவார். இடைவேளையில் கோட் போட்ட மூன்று பேர் வந்து, எந்தக் கல்லூரியின் தலைமைக் கோச்சர் பதவி சிறந்தது என்று சண்டை பிடிப்பார்கள். அதற்குத்தான் கோப்பையோடு ஓடி வருவார்.

"கேட்டியே தம்பி? உவங்களுக்கு மைதானம் பெரிசாம். ஆனா பழைய மாணவர் சங்கம் கரைச்சலாம். ரண்டு மட்ச் தோத்தா ஆளைக் கலைச்சுப்போடுவினமாம்."

"அப்ப அங்க போகாதேங்கோ அண்ணை."

"வந்து கேட்டாலும் போகமாட்டன்," என்றார், நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு.

பழைய மாணவர் சங்கத்தின் கரைச்சலை எங்களுக்கு அமெரிக்காக்காரன் சொல்லித்தரத் தேவையில்லை. எங்கள் ஊரில் பெரிய பள்ளிக்கூடத்துக்குக் கல்லூரி என்றுதான் பெயர். அந்தக் கல்லூரிகளில் படித்தவர்கள் ரொறன்ரோவில் கல்லூரிக்கொரு சங்கமும், சங்கத்துக்கொரு உதைபந்தாட்ட அணியும் வைத்து, கோடையில் ஞாயிறு தவறாமல் புல்லைக் கிழித்துக்கொண்டிருந்த காலம் அது. எங்களுடையது காலால் உதைக்கிற பந்து. அணி ஐந்து, கோச்சர் பதவியும் ஐந்து. அந்த ஐந்தையும் எங்கள் கோச்சர் ஒரு கொப்பியில் கோடு போட்டு வரிசைப்படுத்தி வைத்திருந்தார்.

வெற்றி தோல்வி அந்தக் கொப்பியில் இல்லை. இடைவேளையில் தோடம்பழம் உரித்துத் தருவார்களா, முழுசாகத் தருவார்களா? முன்னாள் தலைவர்கள் எத்தனை பேர் மைதானக் கோட்டுக்கு வெளியில் நின்று கத்துவார்கள்? முன்னணி ஆட்டக்காரனுக்கு ஞாயிறு வேலையா? மைதானத்தில் இருந்து கழிவறை எத்தனை எட்டுத் தூரம்? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கோச்சர் ஒவ்வொரு மைதானத்திலும் தானே நடந்து பார்த்தார். எட்டுக்களை மறந்துவிட்டால் திரும்ப வந்து மறுபடி நடப்பார். பார்த்தவர்கள் அவருக்கு வயிற்றில் ஏதோ வருத்தம் என்று நினைத்தார்கள்.

கல்லூரிகளின் பெயரை எழுதினால் பழைய மாணவர்கள் என் வாசலில் வந்து நிற்பார்கள். அதனால் கொப்பியில் முதலாம் இடத்தில் இருந்ததை முதல் கல்லூரி என்றும், ஐந்தாம் இடத்தில் இருந்ததைக் கடைசிக் கல்லூரி என்றும் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் கோச்சர் வேலை பார்த்தது கடைசிக் கல்லூரியில்.

"எங்கட வேலைதான் அண்ணை ஆகக் கடைசியோ?"

"நான் என்னடா செய்யிறது? கொப்பி அப்பிடிச் சொல்லுது. எங்கட கோல் கீப்பரைப் பார்."

கோல் கீப்பர் நான்தான்.

எனக்கும் பந்துக்கும் பழைய கோபம் ஏதோ இருந்திருக்க வேண்டும். நான் இடப்பக்கம் பாய்ந்தால் அது வலப்பக்கம் போகும். அப்படியிருந்தும் என்னை அணியில் வைத்திருந்ததற்குக் காரணம், என்னிடம் ஒரு வான் வண்டி இருந்தது. அரைவாசி அணி அதில்தான் மைதானத்துக்கு வரும். ஆனால் அந்தக் கல்லூரியின் வாசலைக்கூட நான் கண்டதில்லை. பழைய மாணவன் அல்லாதவன் விளையாடினால் அணியை வெளியே போடுவார்கள். மூத்தவர்கள் நான் தங்களுக்குப் பின்னுக்குப் படித்தவன் என்று நினைத்தார்கள். இளையவர்கள் நான் தங்களுக்கு முன்னுக்குப் படித்தவன் என்று மரியாதை தந்தார்கள். உண்மை தெரிந்த ஒரே ஆள் கோச்சர்.

எனக்கு அது பெரிய விஷயம். கிழமை முழுக்க மூடி திருகுகிறவனை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்துப் பேர் "கோலி, கோலி" என்று கூப்பிடுவார்கள். திட்டுவதற்குத்தான் கூப்பிடுவார்கள். என்றாலும் பெயர் பெயர்தானே.

அந்த வருஷம் ஒஷாவாவில் கிண்ணப் போட்டி, நடத்துவது முதல் கல்லூரிச் சங்கம். அதற்கு மூன்று கிழமைக்கு முன் முதல் கல்லூரிச் சங்கத் தலைவர் கோச்சரை டோனற் கடைக்குக் கூப்பிட்டார். வெயிலிலும் கழுத்தில் ரை கட்டுகிற மனுஷன் அவர். வான் சாரதி என்ற முறையில் நானும் போயிருந்தேன்.

"அடுத்த வருஷம் நீங்கள் எங்கட ரீமுக்கு வரவேணும் கோச்சர். தோடம்பழம் உரிச்சு, விதையும் எடுத்துத் தருவம்."

கோச்சரின் கண் கலங்கியது. "விதையுமோ?"

"ஓம். அது கிடக்கட்டும். உங்கட ரீமில ஆரோ வெளியாள் விளையாடுறதாக் கதை. இந்த முறை எல்லாரையும் கல்லூரிக் கீதம் பாடச் சொல்லித்தான் இறக்குவம்."

நான் பாதி கடித்த டோனற்றைத் திரும்பத் தட்டில் வைத்தேன். கோச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. "ஒஷாவாவில வைச்சு முடிவு சொல்லுறன்," என்றார்.

வானுக்குள் ஏறியதும் கேட்டேன். "போகப்போறியளோ அண்ணை?"

"கொப்பியில முதலாம் இடமடா தம்பி."

"அப்ப என்ரை கதை?"

"நாளைக்கு வேலைக்கு வா. பாட்டுச் சொல்லித்தாறன்."

எங்கோ தேடிப் பிடித்து, கீதத்தை ஒரு மட்டைப் பெட்டியின் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார். நாலு சரணம். கடலும் அறிவுச்சுடரும் நாலிலும் வந்து போயின. அவர் மூடியை வைத்துக்கொண்டே ஒரு வரி சொல்ல, நான் திருகிக்கொண்டே பாடினேன். மேற்பார்வைக்கு வந்த வெள்ளைக்காரன், இது எங்கள் வழிபாடு என்று நினைத்துத் தலை குனிந்து நின்றுவிட்டுப் போனான். மூன்று கிழமையில் பாட்டு எனக்குத் தண்ணிபட்ட பாடு. பயம் மட்டும் குறையவில்லை. எனக்குப் பாட்டுச் சொல்லித்தருகிற வாயே ஒஷாவாவில் என்னைக் காட்டிக்கொடுத்தால் நான் என்ன செய்வேன்?

ஒஷாவாவில் எங்கள் அணியை வரிசையில் நிற்பாட்டினார்கள். தலைவர் ரையை இழுத்துவிட்டு, "பாடுங்கோ," என்றார்.

தொடங்கினோம். முதல் வரி இடி மாதிரி வந்தது. இரண்டாவது வரி மழை மாதிரி. மூன்றாவது வரியில் தூறல். நான் கண்ணை மூடிக்கொண்டு நாலு சரணத்தையும் பாடி முடித்துக் கண்ணைத் திறந்தேன். பாடியது நான் மட்டும்தான். என் பக்கத்தில் நின்ற பத்துப் பேரும், கடைசிக் கல்லூரியின் அசல் பிள்ளைகள், என்னை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிடிச்சாச்சு!" என்று தலைவர் துள்ளினார். "உவன்தான் வெளியாள்! படிச்சவன் ஒருத்தனுக்குப் பள்ளிக்கூடப் பாட்டு முழுக்கத் தெரியுமே? பன்ரண்டு வருஷம் படிச்ச எனக்கே எங்கட பாட்டு ரண்டு வரிக்கு மேல தெரியாது!"

 எங்கள் ஆட்களே ஓம் என்று தலையாட்டினார்கள். படிக்காதவன் ஒரு பாடத்தை ஒழுங்காகப் படித்ததற்குக் கிடைத்த பரிசு அது.

தலைவர் கோச்சரிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கோ கோச்சர். இண்டையில இருந்து நீங்கள் எங்கட ஆள். உவன் அங்க படிச்சவனோ, இல்லையோ?"

கோச்சர் கொப்பியைத் திறந்தார். முதலாம் பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.  கொப்பியை மூடினார்.

"பிறசிடென்ற், நேரத்துக்கு வந்த பிள்ளையளுக்குப் பாட்டுத் தெரியாதுதான். அசெம்பிளியில வாயை அசைச்சாக் காணும். பிந்தி வாறவனைக் கேற்றடியில நிப்பாட்டி, தனிய முழுக்கப் பாடினாத்தான் உள்ள விடுறது. உவன் ஒரு நாளும் நேரத்துக்கு வந்தவனில்லை."

 பிறகு எங்கள் அணித்தலைவன் கையை உயர்த்தினான். "ஓம்! கேற்றடியில உவரைக் கண்ட ஞாபகம் கிடக்கு!"

"நானும் கண்டனான்," என்றான் இன்னொருவன். "சைக்கிளோட நிப்பார்."

எனக்கே அந்தச் சைக்கிள் ஞாபகம் வரப் பார்த்தது. தலைவருக்கு எங்களை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நிம்மதியில் நான் நாலு கோலை உள்ளே விட்டேன். அன்றைக்கு ஒருத்தரும் திட்டவில்லை. தலைவர் கோச்சருக்கு ஒரு தோடம்பழம் கொடுத்தார், உரிக்காமல்.

திரும்பி வரும்போது வானுக்குள் எல்லாரும் களைத்துப்போய் இருந்தார்கள். கோச்சர் முன் சீற்றில், பழத்தைத் தானே உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னாலதானே அண்ணை முதலாம் இடம் போச்சு?"

"உனக்காக ஆர் விட்டது? அந்த வேலையில ஒரு குறை இருந்தது. நான் அதைக் கவனிக்கேல்லை."

"என்ன குறை?"

"அங்க எல்லாரும் தனித்தனிக் காரில வருவினம்." ஒரு சுளையை என் கையில் வைத்தார். "அப்ப நான் உந்தக் கொப்பியை ஆருக்கு வாசிக்கிறது?"

பிறகு கொப்பியைத் திறந்து, அடுத்த வருஷத்துக்கான வரிசையை வாசிக்கத் தொடங்கினார். நாங்கள் மறுபடியும் கடைசி. மூன்றாம் இடத்துக் கல்லூரியின் கழிவறைத் தூரத்தை அவர் வாசிக்கும்போது, நாலு-பூச்சிய-ஒன்று நெடுஞ்சாலையில் அஜக்ஸுக்குத் திரும்புகிற வழி வந்தது. அவருடைய வீடு அங்கேதான். நான் திருப்பவில்லை. பின்னால் இருந்தவர்களும் திருப்பச் சொல்லவில்லை.

வாசிக்க இன்னும் இரண்டு கல்லூரி மிச்சம் இருந்தது.