வேலப்பன்சாவடியில் ஒரு குதிரை லாடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பாடி பஸ் ஸ்டாப்புக்கு வந்திருந்தவர்கள்: விசில் சார், நான், எட்டாவதும் ஒன்பதாவதும் படிக்கிற இருபத்தாறு சாரணர்கள், கிளம்பும்வரை "தண்ணி பாட்டில் எடுத்துக்கினியா" என்று கேட்டுக்கொண்டே இருந்த சில அம்மாக்கள். வராதவர்கள்: ஞாயிறு என்றாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும் பி.டி. சார், "பின்னாடியே கார்ல வந்துடறேன்" என்று சொல்லியிருந்த கரஸ்பாண்டன்ட், அப்புறம் மழை. மழை மட்டும் வந்திருந்தால் எழுதுவதற்கு எனக்கு எதுவும் இருந்திருக்காது.

பாடியிலிருந்து பட்டாபிராம் வரைக்கும் விசில் சாரைப் போல ஆட்களைக் கட்டிப்போட்டவர் வேறு எவரும் கிடையாது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பெரிய தலைவர் மேடையில் பேசும்போதே கூட்டத்தில் பாதிப் பேர் பிரியாணிப் பொட்டலம் எந்தப் பக்கம் வருகிறது என்றுதான் பார்ப்பார்கள். விசில் சார் ஒரு ஊது ஊதினால் இருபத்தாறு பையன்களும் கொட்டாவியைக்கூடப் பாதியில் நிறுத்துவார்கள். ஒரே ஒரு சிக்கல்தான். யார் ஊதினாலும் நிறுத்துவார்கள்.

மற்ற நாட்களில் அவர் எங்கள் பள்ளியின் வரலாற்று ஆசிரியர். அவர் பானிபட் போரை நடத்தும்போது கடைசி பெஞ்சில் தனியாக ஒரு போர் நடக்கும். ஸ்டாஃப் ரூமில் அவர் ஆரம்பித்த வாக்கியத்தை வேறு யாராவது வேறு விஷயமாக முடித்து வைப்பார்கள். ஹோட்டலில் அவர் கேட்ட தோசை பக்கத்து டேபிளுக்குப் போகும். அவரும் ஒன்றும் சொல்லாமல் பக்கத்து டேபிளின் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவார். ஆனால் சனிக்கிழமை கடைசி இரண்டு பீரியட், கழுத்தில் ஸ்கார்ஃபைக் கட்டி விசிலை எடுத்தால், ஆள் ஒரு சாண் உயர்ந்துவிடுவார்.

"வாயால சொன்னா காதுக்குப் போறதுக்குள்ள நூறு எடத்துல நின்னுடுது சார். விசில் நேராப் போயிடும்" என்பார் என்னிடம்.

நான் அவருக்கு உதவி சாரண ஆசிரியர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லோடு ஏற்றுகிறவர். கம்ப்யூட்டர் ஆசிரியராகத் தற்காலிக வேலையில் சேர்ந்த மறுநாளே, புதியவன் மறுக்கமாட்டான் என்ற நல்ல காரணத்துக்காக எனக்கு இந்தப் பதவியையும் கொடுத்தார்கள். நான் சாரணர் கையேட்டைப் பென்சிலால் அடிக்கோடு போட்டு இரண்டு முறை படித்தேன். சீருடையைப் போட்டுக்கொண்டு வீட்டில் நின்றபோது அம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இன்னாடா இது, போலீஸா?"

"இல்லம்மா."

"மிலிட்டிரியா?"

"இல்லம்மா. சாரணர். தினம் ஒரு நல்ல காரியம் பண்ணணும்."

"அதுக்கு எதுக்குடா தொப்பி" என்றாள். கையேட்டில் தேடிப் பார்த்தேன், பதில் இல்லை.

விசில் சாரின் சட்டம் மிகவும் எளிமையானது. ஒரு நீள விசில் என்றால், எங்கே எப்படி இருக்கிறாயோ அப்படியே சிலையாக நில். இரண்டு விசில், விட்ட வேலையைத் தொடரு. விட்டு விட்டுச் சின்னச் சின்ன விசில், எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்து குதிரை லாடம் போல வளைந்து நில். ஆறு மாதம் இதையே பயிற்சி கொடுத்தார். கூடாரம் போடுவது, முடிச்சுப் போடுவது எல்லாம் அரைகுறைதான். ஆனால் நிற்பதில் எங்கள் படையை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

முதல் புகார், புதிய அடுக்குமாடியில் குடியிருக்கும் கோயமுத்தூர்க்காரர் ஒருவரிடமிருந்து வந்தது. ஐ.டி.யில் இருப்பவர், மரியாதையான மனிதர்.

"ஏனுங்க சார், எங்க ஊட்ல குக்கர் சத்தம் போட்டா பையன் அப்படியே நின்னுக்கறானுங்க. பல்லு வெளக்கிட்டு இருந்தாலும் நிக்கறான். வாயில நுரை ஒழுகுதுங்க."

விசில் சார் முகத்தில் அக்கறை. "எத்தனை விசில் வைப்பீங்க?"

"பருப்புக்கு மூணுங்க."

"ரெண்டாவதுலயே நகர்ந்துடணுமே. மூணு வரைக்கும் நிக்கிறானா?"

"அடுப்ப அணைக்கற வரைக்கும் நிக்கறானுங்க."

"அது தப்பு. சனிக்கிழமை சரி பண்ணிடறேன்."

வந்தவர் நேராக கரஸ்பாண்டன்ட் அறைக்குப் போனார்.

எங்கள் கரஸ்பாண்டன்டுக்கு இந்தப் பள்ளியும் பக்கத்திலேயே ஒரு கல்யாண மண்டபமும் சொந்தம். இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்துவார். சாப்பாடு மட்டும் மண்டபத்தில் நன்றாக இருக்கும். அவர் விசில் சாரைக் கூப்பிட்டு, "சார், இன்னும் ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் வரட்டும். சனிக்கிழமை ரெண்டு பீரியடும் நீட் ஃபவுண்டேஷன் கிளாஸுக்குப் போயிடும். சாரணர் படையைக் கலைச்சிடலாம்" என்றார். விசில் சார் "சரிங்க சார்" என்று வெளியே வந்தார். அந்த இரண்டு பீரியடும் போய்விட்டால் அவருக்கு மிச்சம் பானிபட் மட்டும்தான். அந்த வாரம் முழுக்க டிபன் பாக்ஸை மூடியபடியே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

இந்த நிலைமையில்தான் நாங்கள் சுற்றுலா கிளம்பினோம். திருவேற்காட்டில் அடுக்குமாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு மாந்தோப்பு. அதன் சொந்தக்காரர் பழைய விவசாயக் குடும்பம், நல்ல மனிதர், ஒரு நாள் இடம் கொடுத்திருந்தார். போவது, பாத்திரம் இல்லாமல் சமைப்பது, அம்புக்குறி பார்த்து வழி கண்டுபிடிப்பது, புகார் இல்லாமல் திரும்புவது. கடைசி அம்சம் கையேட்டில் இல்லை. நாங்களாகச் சேர்த்துக்கொண்டது.

பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினோம். எங்கள் இருவருக்குமே தோன்றாத ஒரு விஷயம், நம் ஊர் பஸ்ஸில் கண்டக்டரும் விசில்தான் அடிப்பார் என்பது.

எஸ்டேட் ஸ்டாப் வந்தது. பஸ்ஸை நிறுத்த கண்டக்டர் ஒரு நீள விசில் கொடுத்தார். படிக்கட்டிலும் நடுவிலும் இருந்த இருபத்தாறு பேரும் சிலையானார்கள். இறங்க வேண்டியவர்கள் எழுந்து வந்து சிலைகள் மேல் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"தம்பி, நவுரு. எறங்கணும்ல. இன்னாடா, காதுல விழல?" கண்டக்டர் ஒருவன் தோளைப் பிடித்து உலுக்கினார். அவன் கண்ணைக்கூட இமைக்கவில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

விசில் சார் பதறிப்போய் அவர்களை விடுவிக்க இரண்டு விசில் கொடுத்தார். இரண்டு விசில் கேட்டால் டிரைவர் என்ன செய்வார்? பஸ்ஸை எடுத்தார். ஒருவரும் இறங்கவில்லை.

அடுத்த ஸ்டாப்பிலும் கண்டக்டர் ஒன்று, சார் இரண்டு, பஸ் கிளம்பியது. மதுரவாயலில் இறங்க வேண்டிய பூக்காரம்மா கூடையோடு எழுந்து நின்று, "யோவ், நான் இன்னா பூந்தமல்லிக்கா பூ விக்கப் போறேன்? எவன்யா அவன், ஊதிக்கினே கீறான்?" என்றார். விசில் சார் மெல்ல விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அதற்குள் பாதி பஸ் அவரவர் ஸ்டாப்பைத் தாண்டிவிட்டது.

வேலப்பன்சாவடியில் கண்டக்டர் கீழே இறங்கி நின்று, வாயால், "இஸ்கூல்லாம் எறங்கு. அண்ணாத்தே, உன் கால்ல வுழறேன், திரும்பி வரசொல்லோ வேற வண்டில ஏறு" என்றார்.

நெடுஞ்சாலையைக் கடக்க வரிசையாகப் போனோம். முன்வரிசை பாதி தூரம் போயிருக்கும். அப்போது சிக்னலை மீறி வந்த ஒரு மணல் லாரியை நிறுத்த, போக்குவரத்துக் காவலர் விட்டு விட்டு விசில் அடித்தார். சின்னச் சின்ன விசில்.

அவ்வளவு அழகான குதிரை லாடத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. நெடுஞ்சாலை நடுவில், காவலரை மையமாக வைத்து, ஒரு கை இடைவெளியில், வளைவு பிசகாமல். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. படைத்தலைவன் தினேஷ் ஓர் அடி முன்னால் வந்து காவலருக்கு சல்யூட் வைத்தான்.

"இருபத்தாறு பேர், எல்லாரும் ஆஜர் ஐயா."

காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "இன்னா போராட்டம் இது? இன்னா கோரிக்கை?"

"கோரிக்கை இல்ல ஐயா. கூப்டீங்க, வந்தோம்."

"நான் லாரியக் கூப்ட்டேன்யா" என்றார் அவர், கிட்டத்தட்ட அழுகிற குரலில். ஒரு டெலிவரி பையன் பைக்கில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் தோப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த வீடியோ பெற்றோர் குரூப்புக்கு வந்துவிட்டது. விசில் சார் என் போனில் அதை ஒரு தடவை பார்த்தார். "வளைவு நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து, பையன்கள் வாழை இலையில் உருளைக்கிழங்கைச் சுற்றித் தணலில் புதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா வேகட்டும் சார். அவசரப்படுத்தாதீங்க. இதான் கடைசி."

பன்னிரண்டு மணிக்கு கரஸ்பாண்டன்டின் கார் வந்தது. விசில் சார் எழுந்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு, தண்டனை கேட்கப் போகிறவர் போல நடந்தார். கரஸ்பாண்டன்ட் இறங்கி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம் சார். காலையிலேருந்து போன் மேல போன். எந்த ஸ்கூல் இது, இவ்ளோ டிசிப்ளினா, அட்மிஷன் இருக்கான்னு கேக்கறாங்க. ஃபிளெக்ஸுக்குச் சொல்லியாச்சு."

விசில் சார் மறுபடியும் தொப்பியைச் சரி செய்துகொண்டார். படை பிழைத்தது என்று நான் நினைத்தேன்.

"இன்னொண்ணு" என்றார் கரஸ்பாண்டன்ட். "முகூர்த்த சீசன் வருது. மண்டபத்துல பார்க்கிங்குக்கு ஆள் கிடைக்கறதே இல்ல. ஞாயித்துக்கிழமைல பசங்கள அனுப்பி வைங்க. என் மேனேஜர் விசில் அடிப்பான், இவங்க வண்டியை ஒழுங்கு பண்ணட்டும். தினம் ஒரு நல்ல காரியம்தானே சார் உங்க கொள்கை?"

"மாட்டேன் சார்."

யார் பேசியது என்று கரஸ்பாண்டன்ட் திரும்பி என்னைப் பார்த்தார். நான் இல்லை.

"மாட்டேன் சார்" என்றார் விசில் சார் மறுபடியும். இந்தத் தடவை வாக்கியத்தை அவரே முடித்தார். "இவனுங்க யார் அடிச்சாலும் நிப்பானுங்க. அப்படிப் பழக்கிட்டேன். அதனால யார் அடிக்கறாங்கன்னு நான்தான் பாத்துக்கணும்."

"அப்ப சனிக்கிழமை ஃபவுண்டேஷன் கிளாஸ்."

"சரிங்க சார்."

"டென்ட், கயிறு, பானை எல்லாம் ஸ்கூல் சொத்து. நாளைக்கு ஸ்டோர்ல ஒப்படைச்சிடுங்க."

"சரிங்க சார். கெழங்கு வெந்துடுச்சு, ஒண்ணு சாப்ட்டுப் போங்க" என்றார் விசில் சார். கரஸ்பாண்டன்ட் சாப்பிடவில்லை. எங்களுக்கு ஆளுக்கொன்று கூடுதலாகக் கிடைத்தது.

மறுநாள் எல்லாவற்றையும் ஒப்படைத்தோம். பள்ளியில் இனி சாரணர் படை கிடையாது. தோப்புக்காரர்தான் தினேஷிடம், "ஞாயித்துக்கெழம தோப்பு சும்மாதான் கெடக்கு நைனா, வாங்க" என்று சொல்லி அனுப்பினார். யார் வருவார்கள் என்று தெரியவில்லை. வந்தால் மழைக்கு ஒதுங்க ஏதாவது வேண்டும் என்று, சனிக்கிழமை சாயங்காலம் நானும் விசில் சாரும் பாடி மேம்பாலத்துப் பக்கம் லாரி சாமான் விற்கிற கடைக்குப் போனோம். அவர் ஒரு பழைய தார்ப்பாயை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பார்த்தார். ஒரு கயிற்றுச் சுருளை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் விலை கேட்டார். கடைக்காரர் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். சார் இன்னொரு தடவை கேட்டார்.

நான் முன்னால் போய், சார் கேட்கிறார் என்றேன்.

எங்கள் குடும்பத்தில் யாரும் எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்கியது கிடையாது. கீரைக்கட்டுக்கே அம்மா அரை மணி நேரம் நிற்பாள். தார்ப்பாயும் கயிறும் சேர்த்துத் தொள்ளாயிரத்து ஐம்பது என்றார் கடைக்காரர். நான் பேரம் பேசவில்லை.