போதகப் பணியில் நாற்பது ஆண்டுகள்

பேனரை விரித்துப் படித்த குணபூசணி, மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"வணக்கத்துக்குரிய அந்தோனிப்பிள்ளை" என்ற முதல் வரியில் குற்றமில்லை. அடுத்த வரியில்தான் வினை. "போதகப் பணியில் நாற்பது ஆண்டுகள்" என்று அவள் எழுதிக் கொடுத்தது, "போதைப் பணியில் நாற்பது ஆண்டுகள்" என்று கொட்டை எழுத்தில் வந்திருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் இறையியல் கல்லூரி அலுவலகத்தில் அவளுக்கு இருபது வருடம். அவள் கையால் போன எந்தக் கடிதத்திலும் ஓர் ஒற்றுப்பிழைகூட இருந்ததில்லை. அந்தப் பெருமைக்கு, முதல்வர் அந்தோனிப்பிள்ளை ஓய்வு பெறும் நாளில், அதுவும் பேராயர் முன்னாலா சோதனை?

பேனர் அடித்தது கிள்ளான் கன்னையா. முதல்வர் ஊழியத்துக்கு வந்த நாள்முதல் அங்கே நடத்தும் மறுவாழ்வு இல்லத்தில் போதையிலிருந்து மீண்டு, கடை போட்டவன். போனில் பிடித்தாள்.

"என்ன கன்னையா அடிச்சு வெச்சிருக்க? பழைய புத்தி போகலையா?"

"ரோட்டு ஜேம்ல மாட்டிக்கிட்டேன்க்கா. நேர்ல வந்து பேசுறேன் லா."

அதற்குள் ஆட்கள் பேனரை மேடையில் கட்டிவிட்டார்கள். அந்தோனிப்பிள்ளை உள்ளே வந்து, தலையைச் சாய்த்துப் படித்தார்.

"வடிவாத்தானே இருக்கு, பிள்ளை."

அவர் மூக்குக்கண்ணாடி நெற்றிமேல் இருப்பதைப் பார்த்து குணபூசணி கர்த்தருக்கு நன்றி சொன்னாள். அவர் நகர்ந்ததும் நாற்காலி போட்டு ஏறி, "தைப்" என்ற இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினாள். இறங்கிப் பார்த்தால், அந்தோனிப்பிள்ளை பெயருக்கு நேர் கீழே "போ" மட்டும் நின்றது.

நாற்பது வருடம் உழைத்த மனிதரை வழியனுப்பும் முறையா இது? மறுபடி ஏறி "போ"வையும் மறைத்தாள். இப்போது "பணியில் நாற்பது ஆண்டுகள்". நிம்மதியாக மூச்சு விட்டாள்.

விழா தொடங்கியதும் பேராயருக்கு வியர்த்தது. யாரோ மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார்கள். அவர் பேசத் தொடங்கிய இரண்டாம் நிமிடம், முதல் தாள் பறந்து முன்வரிசையில் விழுந்தது.

"தைப் பணியில் நாற்பது ஆண்டுகள்."

பக்கத்திலிருந்த அமுதவள்ளி ஆன்டி குனிந்து, ஐயா முன்பு தையல் கடை வைத்திருந்தாரா என்று கேட்டார். குணபூசணி பதில் தேடுவதற்குள் இரண்டாவது தாளும் போனது.

பேராயர் திரும்பிப் படித்தார். மண்டபமே படித்தது. குணபூசணி கண்களை மூடிக்கொண்டாள்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு கைதட்டல் கேட்டது. கிள்ளான் இல்லத்திலிருந்து வந்த முப்பது நாற்பது பேர், பச்சை குத்திய கைகளோடு எழுந்து நின்று தட்டினார்கள். பேராயரும் தட்டினார். அந்தோனிப்பிள்ளை மட்டும் தலை குனிந்து, பரிசு வாங்கிய பள்ளிப் பிள்ளைபோலச் சிரித்தார்.

ஐயாவின் மானத்தைக் காப்பாற்றத்தான் பாவம் எல்லாரும் தட்டினார்கள் என்று அவள் நினைத்தாள். சாப்பாட்டு வரிசையில் கன்னையாவை மடக்கி, ஓர் எழுத்து ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியுமா எனப் பொரிந்தாள்.

கன்னையா தட்டைக் கீழே வைத்தான்.

"நீங்க எழுதிக் குடுத்தபடிதான்க்கா மொதல்ல அடிச்சேன். ஐயாதான் கடைக்கு வந்து, 'சிறையில இருக்கிறவைக்குச் செய்யிறதைச் சிறைப் பணி எண்டு சொல்லுறம்தானே, அதுபோல என்ர வேலையையும் உள்ளபடி போடு'ன்னு மாத்த வெச்சாரு."