மாத்திரை தின்று இளையவரான மம்பெதாலி

அன்பு மகள் பெகாயிமுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் இருபத்தெட்டு ஆடுகளும் நலம். பிஷ்கெக்கில் நீயும் உன் ஆய்வுக்கூடமும் நலமாக இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய துணைநொதி மாத்திரை வந்தது. கூட இருந்த கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தின்ற சாப்பாட்டிலிருந்து ஒவ்வொரு செல்லும் சக்தி எடுக்க அந்தப் பொருள்தான் கைகொடுக்கிறது, வயதானால் அது குறைகிறது என்கிறாய். புரிந்தது. கொட்டில் நிறைய வைக்கோல் இருந்தும் எடுத்துப் போட ஆள் இல்லாத கதை. மாத்திரையால் ஆயுள் கூடுமா என்பது இன்னும் உறுதியாகவில்லை என்று நீயே எழுதியது எனக்குப் பிடித்தது.

ஆனால் வந்த பொருளைத் தனியாகத் தின்ன இது என்ன பட்டணமா? பொட்டலத்தைப் பார்த்ததும் அக்கம்பக்கத்துக் கிழவர்கள் ஐந்து பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மூத்தவருக்குப் பெரிய பங்கு என்ற முறைப்படி மம்பெதாலி அண்ணன் இருபது மாத்திரையை அள்ளிக்கொண்டார். போன வாரம் உன் சித்தப்பா விருந்துக்கு ஆடு வெட்டினான். ஆட்டுத்தலை எப்போதும் சபையில் மூத்தவரான மம்பெதாலிக்குத்தான். அன்றைக்குச் சித்தப்பா தட்டை அடுத்த மூத்தவனான என் பக்கம் திருப்பிவிட்டான்.

"அண்ணே, இருபது மாத்திரை முழுங்கிட்டீங்க. இப்ப நீங்க எங்க எல்லாரையும் விட சின்னவரு. தலை தொக்தோசுன் அண்ணனுக்குத்தான்!"

"டேய், எனக்கு எழுபத்தொன்பதுடா! சந்தேகமா இருந்தா குதிரைக்குப் பாக்குற மாதிரி பல்லைப் பாருங்கடா!"

"பாக்குறதுக்குப் பல்லு எங்கண்ணே இருக்கு?"

சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது. அண்ணன் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார், இன்றுவரை பேச்சில்லை. தலையை அறுக்கக் கத்தியை எடுத்தேன் பார், அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயதில் எனக்கு முன்னால் இருந்தவர்களில் மிச்சம் அவர் ஒருவர்தான், அவரும் அங்கே இல்லை. பயமாக இருந்தது, மகளே.

அதற்காக, நீ சொல்கிறபடி மலை மேய்ச்சலை விட்டுவிட்டு உன் நாலாவது மாடியில் வந்து உட்கார மாட்டேன். ஜூன் பிறந்ததும் எப்போதும்போல நானே குதிரையேறி மேலே போவேன். உடம்பில் தெம்பு இருக்கிறது. நீ கவலைப்படாதே, இனி மாத்திரையும் அனுப்பாதே.

உன் வீட்டில் விருந்தாளி குறையாமல், நோய்நொடி எட்டிப் பார்க்காமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா
தொக்தோசுன்

பின்குறிப்பு: இன்று காலை குதிரையில் ஏறிப் பார்த்தேன். மூன்று தடவையும் முடியவில்லை. அம்மா பார்க்கவில்லை என்று நினைத்தேன். ஜன்னலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஜூனில் லீவு போட்டு வா. ஏற்றிவிட ஒருவர் இருந்தால் மேலே போய்விடுவேன்.